நாகூரிலிருந்து ஓசூருக்கு விற்கலாம், காரைக்காலுக்கு முடியாது

ஆன்லைன் சந்தைத் தளத்தில் விற்பவர் என்றதும் கிடங்கு, வேலையாட்கள், கணக்குப்பிள்ளை என்று ஒரு படம் மனதில் வரும். காவிரி டெல்டாவில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. நவராத்திரிக்கு முன்னால் இரண்டு மாதம் மட்டும் தலையாட்டி பொம்மை விற்கும் தஞ்சாவூர்க் குடும்பம், மாவடு வரும் பருவத்தில் நாலு ஜாடி கூடுதலாகப் போட்டு விற்கும் கும்பகோணத்துப் பெண்கள், நாச்சியார்கோவில் விளக்கை வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு வாங்கி அனுப்பிப் பழகி அதையே சிறு தொழிலாக்க நினைப்பவர், பிள்ளைகளோடு சென்னைக்குப் போகும் முன் பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவைத் தள்ளிவிடப் பார்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இங்கே விற்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். விற்பது இவர்களுக்கு முழுநேரப் பிழைப்பு அல்ல. பருவத்துக்கு வந்து போகும் வரும்படி.

இவர்களைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு அளவுகோலை எடுத்துக்கொண்டு வருகிறது என்பதுதான் தொல்லை. பொருள் எந்த எல்லையைத் தாண்டுகிறது என்று ஜிஎஸ்டி பார்க்கிறது. வருமான வரி தொகையைப் பார்க்கிறது. நுகர்வோர் விதி எவ்வளவு அடிக்கடி விற்கிறீர்கள் என்று கேட்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் முதல் பாட்டிலுக்கே பதிவைக் கேட்கிறது. இந்த நான்கையும் ஒரே படிவத்தில் போட்டு அழுத்துவது சந்தைத் தளத்தின் மென்பொருள். அது கேட்பதைக் கொடுக்காவிட்டால் விற்பனை இல்லை. அப்புறம் சட்டத்தில் என்ன சலுகை இருந்தால் என்ன?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். இந்தியாவில் இபே நடந்துகொண்டிருந்த காலத்தில் யார் வேண்டுமானாலும் பழைய நாணயம், தபால்தலை, புத்தகம் எதையும் போட்டு விற்றார்கள். 2018 ஆகஸ்டில் அந்தத் தளம் இங்கே மூடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்துவிட்டது. பொதுவாக ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு என்று அந்தச் சட்டம் சொன்னது. 2019 ஏப்ரல் முதல் பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் அது 40 லட்சமானது. ஆனால் சட்டத்தின் 24ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு ஒளிந்திருந்தது. ஆன்லைன் சந்தைத் தளம் வழியாகப் பொருள் விற்றால், தொகை எவ்வளவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். கோவில் வாசலில் கடை போட்டு ஆண்டுக்கு 15 லட்சத்துக்குப் பொம்மை விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. அதே பொம்மையில் ஒன்றே ஒன்றைச் செயலி வழியாக விற்றால் தேவை.

இது வெறும் பிடிவாதம் அல்ல, ஒரு கணக்கு இருந்தது. தளங்கள் விற்பனையாளருக்குப் பணம் தரும்போது ஒரு சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் அது அரை சதவீதமாகக் குறைந்தது. பிடித்த தொகையை யார் கணக்கில் வரவு வைப்பது? அதற்கு ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ஓர் எண் வேண்டும். வரி வசூலை எளிதாக்க வந்த ஏற்பாடு, வரியே கட்ட வேண்டாதவரையும் உள்ளே இழுத்தது. தெருவில் கிடைத்த சலுகை இணையத்தில் கிடைக்கவில்லை என்று சிறு வியாபாரிகள் தரப்பில் குரல் எழுந்தது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து முடிவெடுக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலின் 47ஆவது கூட்டம் 2022 ஜூனில் சண்டிகரில் நடந்தது, இதைத் தளர்த்தக் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. 2023 ஜூலை கடைசியில் அறிவிக்கை வந்தது, அக்டோபர் 1 முதல் அமலானது.

அதன்படி, பதிவு வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே சந்தைத் தளத்தில் விற்கலாம். பான் வேண்டும். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணையும் தொழில் நடக்கும் முகவரியையும் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். இது பதிவு எண் அல்ல. மாதாமாதம் கணக்குத் தாக்கல் கிடையாது, தளம் வரி பிடிக்காது. மீஷோ போன்ற தளங்கள் இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவும் ஆரம்பித்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிபந்தனைகளில் முதலாவதைப் படிக்கும்வரை: இவர்கள் மாநிலத்துக்கு வெளியே எந்த விற்பனையும் செய்யக்கூடாது.

டெல்டாவில் இந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தாலே போதும். நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே காரைக்கால் இருக்கிறது, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பகுதியாக. நாகூரிலிருந்து, காரைக்காலைச் சேர்ந்த வாஞ்சூர் கூப்பிடு தூரம். பேருந்தில் ஏறி உட்காருவதற்குள் எல்லை வந்துவிடும். நாகூரில் இருந்துகொண்டு சேர்க்கை எண்ணோடு விற்கும் பெண்மணி, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓசூரில் இருப்பவருக்கு விற்கலாம். காரைக்காலில் இருக்கும் சொந்த அண்ணன் மனைவிக்கு விற்க முடியாது. ஜிஎஸ்டியில் புதுச்சேரி தனி மாநிலம் போலவே நடத்தப்படுவதால் இது மாநிலம் தாண்டிய விற்பனை. எதிர்ப்பக்கம் இன்னும் இறுக்கம். காரைக்காலில் இருந்து விற்பவருக்கு மாநிலம் என்றால் புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் இவ்வளவுதான். சுற்றியிருக்கும் டெல்டா முழுக்க அவருக்கு வெளிமாநிலம். போதாக்குறைக்கு, 2019இல் வரம்பை 40 லட்சமாக உயர்த்தியபோது அந்த உயர்வு பொருந்தாத இடங்களின் பட்டியலில் புதுச்சேரி இருந்தது. ஆகவே அங்கே வரம்பு இன்னும் 20 லட்சம்தான்.

எல்லையோரத் தமாஷ் என்று இதைத் தள்ளிவிடலாம். நான் அப்படித் தள்ள மாட்டேன். டெல்டா தயாரிக்கும் பொருளின் குணம் அப்படி. சுவாமிமலைச் செப்புத் திருமேனி, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, திருபுவனம் பட்டு எல்லாமே புவிசார் குறியீடு பெற்றவை. 2025இல் கும்பகோணம் வெற்றிலையும் சேர்ந்தது. இப்படி ஓர் ஊரின் பெயர் ஒட்டிய பொருளை அந்த ஊர்க்காரரே தேடித் தேடி வாங்குவதில்லை. வாங்குகிறவர் பெங்களூரில் இருக்கிறார், மும்பை மாட்டுங்காவில் இருக்கிறார், டெல்லியில் கொலு வைக்கிறார். ஊரை விட்டுப் போன டெல்டாக்காரர்தான் முதல் வாடிக்கையாளர். அவரை எட்ட முடியாத சலுகையால் தஞ்சாவூர்ப் பொம்மைக்காரருக்கு என்ன லாபம்? திருப்பூர்ப் பனியன் விற்பவருக்கு மாநிலச் சந்தையே போதுமானதாக இருக்கலாம். இவருக்கு அப்படியல்ல.

இதில் இன்னொரு முரண் இருக்கிறது. கைவினைப் பொருளுக்கு மாநிலம் தாண்டி விற்க ஏற்கெனவே ஒரு வழி உண்டு. கையால் செய்த பொருள்களை ஆண்டுக்கு 20 லட்சம் வரை பதிவு இல்லாமலே பிற மாநிலங்களுக்கு விற்கலாம் என்று 2017இல் தொடங்கி 2018 அக்டோபரில் விரிவாக்கிய அறிவிக்கை சொல்கிறது. பான் வேண்டும், எவ்வளவு சிறிய தொகையானாலும் சரக்கு அனுப்புவதற்கான இணையச் சீட்டான இ-வே பில் போட வேண்டும், அவ்வளவுதான். கைவினைப் பட்டியலில் தஞ்சாவூர் ஓவியம் பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கிறது. அதாவது ஓவியர் தன் கைப்பேசியில் ஆர்டர் எடுத்துப் பெங்களூருக்கு நேராக அனுப்பலாம். அதையே சந்தைத் தளம் வழியாக அனுப்ப முடியாது. இரண்டையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. 2023 அறிவிக்கையின் வாசகப்படி மாநிலம் தாண்டி “எந்த” விற்பனையும் கூடாது, தளம் வழியாக என்று அது பிரித்துச் சொல்லவில்லை. நேரடியாகப் பெங்களூருக்கு ஒரு படம் அனுப்பினால், தளத்தில் சென்னைக்கு விற்கும் தகுதியும் போய்விடுகிறது. இரண்டு சலுகைகள் தனித்தனியாக நல்லவை, சேர்த்துப் பிடித்தால் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

சரி, பதிவே வாங்கிவிட்டால்? பலரும் சொல்லும் யோசனை இது. பதிவுக்குக் கட்டணம் இல்லை என்பதும் உண்மை. தொழிலிட முகவரிக்கு மின் ரசீதோ வரி ரசீதோ வேண்டும். கிராமத்து வீடுகளில் ஈபி பில் இன்னும் தாத்தா பேரில் வரும். சம்மதக் கடிதம், அடையாளச் சான்று என்று ஒரு சுற்று அலைந்தால் அது தீரும். தீராதது அதற்குப் பிறகு வருவது. கொலு பொம்மை ஆடி கடைசியில் தொடங்கிப் புரட்டாசியில் முடியும் வியாபாரம். கணக்குத் தாக்கல் பன்னிரண்டு மாதமும் உண்டு. மூன்று மாதத்துக்கொரு முறை என்ற சிறு வரிதாரர் திட்டத்தில் சேர்ந்தாலும், விற்பனை இல்லாத பருவத்துக்கும் “ஒன்றுமில்லை” என்று சொல்லித் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம், ஒரு தாக்கலுக்கு 500 ரூபாய் வரை. ஆடிட்டருக்குக் கொடுப்பது தனி. இரண்டு மாத வரும்படியில் ஆண்டு முழுக்க ஒரு அலுவலகத்தைக் காப்பாற்றுவது மாதிரிதான்.

பதிவு இல்லாமல் விற்பதற்கும் கண்ணுக்குத் தெரியாத விலை இருக்கிறது. தளம் வாங்கும் கமிஷன், அனுப்பும் செலவு எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி விழும். பதிவு பெற்றவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். பதிவில்லாதவருக்கு அது செலவோடு செலவு.

வரியே இல்லாத பொருள் விற்பவரின் நிலை வேறு. அப்பளம், வெற்றிலை, பூ, புத்தகம் இவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. முழுக்க முழுக்க வரிவிலக்குப் பொருளை மட்டுமே விற்பவருக்கு 23ஆவது பிரிவின்படி பதிவே வேண்டாம், எந்த மாநிலத்துக்கு விற்றாலும். கும்பகோணத்தில் கையால் அப்பளம் இடும் குழுவுக்கு இது பெரிய வசதி. ஆனால் “மட்டுமே” என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அப்பளத்தோடு ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயையும் பட்டியலில் சேர்த்தால் அந்த வசதி போய்விடும். ஊறுகாய்க்கு வரி உண்டு. அப்புறம், சட்டம் பதிவு வேண்டாம் என்றாலும் தளத்தின் படிவத்தில் ஜிஎஸ்டி எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறப்பதில்லை. புத்தகம் போன்றவற்றுக்குச் சில தளங்கள் தனி வழி வைத்திருக்கின்றன. எல்லாத் தளமும் எல்லாப் பொருளுக்கும் வைக்கவில்லை.

இப்போது பரணில் இருக்கும் அண்டாவுக்கு வருவோம். இவர்தான் உண்மையான தனிநபர் விற்பனையாளர், வியாபாரமே செய்யாதவர். வெளிநாடுகளில் இவருக்கென்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஆண்டுக்கு 30க்கும் குறைவான பொருளை விற்று, மொத்தத் தொகை 2,000 யூரோவைத் தாண்டாதவர் பற்றித் தளம் வரித்துறைக்குத் தகவல் தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2023 ஜூனில் அமலான சட்டம், பன்னிரண்டு மாதத்தில் 200 விற்பனையும் 5,000 டாலரும் எட்டியவரிடம் மட்டும் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது, அதுவும் புதுப் பொருளுக்கு. பிரிட்டனில் இபே 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனையாளருக்கான கட்டணத்தையே எடுத்துவிட்டு, சில மாதம் கழித்து வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அங்கே தகராறு, கோடு எங்கே என்பதில். இங்கே கோடே இல்லை.

இல்லை என்று சொன்னால் ஒரு விதிக்கு அநியாயம் செய்ததாகும். 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இந்த ஆளைச் சரியாகவே பார்த்திருக்கின்றன. வழக்கமாகவோ முறையாகவோ செய்யும் தொழிலின் பகுதியாக இல்லாமல், ஒருவர் தனிப்பட்ட முறையில் செய்யும் விற்பனைக்கு இந்த விதிகள் பொருந்தா என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன. தொழிலாக விற்பவர் குறைதீர்க்கும் அலுவலரை நியமிக்க வேண்டும், புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அண்டா விற்பவருக்கு அது எதுவும் இல்லை. ஜிஎஸ்டி சட்டம் தொழிலை விளக்கும் இடத்தில் நேர் எதிராகப் பேசுகிறது. எவ்வளவு, எத்தனை முறை, தொடர்ச்சியாகவா என்பதெல்லாம் பொருட்டில்லை, செயலின் தன்மை வணிகமாக இருந்தால் போதும் என்கிறது. ஆகவே ஒரு தடவை விற்றாலும் தொழில் ஆகலாம், பத்துத் தடவை பழைய சாமானை விற்றாலும் தொழில் ஆகாமல் போகலாம். நல்லவேளையாக, தனிநபர் தன் பழைய நகையைக் கடையில் விற்பது தொழில் ஆகாது என்று 2017 ஜூலையிலேயே அரசு விளக்கம் தந்தது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் நடந்த 55ஆவது கவுன்சில் கூட்டம் பழைய கார்களுக்கு 18 சதவீதம் என்று அறிவித்தபோது ஊரே பதறியது. அதுவும் பதிவு பெற்ற வியாபாரியின் லாபப் பகுதிக்கு மட்டும்தான். வீட்டுக் காரை இன்னொரு வீட்டுக்கு விற்பவருக்கு இல்லை.

வருமான வரியிலும் வீட்டுச் சாமானுக்குப் பொதுவாகச் சிக்கலில்லை. சொந்த உபயோகப் பொருள் மூலதனச் சொத்து ஆகாது என்பதால் விற்று வந்த பணத்துக்கு வரி இல்லை. ஆனால் நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் இவை அந்த விலக்கில் வராது. டெல்டாவில் இது ஏட்டளவு விஷயம் அல்ல. கூடத்தில் மூன்று தலைமுறையாகத் தொங்கும் நவநீத கிருஷ்ணன் படத்தை விற்றால் ஃபிரிட்ஜ் விற்ற மாதிரி அல்ல, மூலதன ஆதாயக் கணக்கு வரும். படம் நூறு வருடத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் வரியைவிடப் பெரிய கேள்வி முன்னால் நிற்கும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பவே முடியாது. கடத்தப்பட்ட பத்தூர் நடராஜர் சிலை லண்டன் நீதிமன்றம் வரை போய்த் திரும்பிய மண் இது. ஊருக்குள் இருக்கும் பழைய செப்புச் சாமானைப் படம் எடுத்து இணையத்தில் போடுவதற்கு முன் யாராவது விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. சட்டப் பயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அடிமாட்டு விலைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவும்.

தளம் வழியாக வரும் பணத்துக்கு வருமான வரியின் முன்பிடித்தம் தனி. 2020 அக்டோபரில் வந்தபோது சட்டத்தில் ஒரு சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபரில் 0.1 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டு விற்பனை ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டாத தனிநபர் பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் பிடித்தமே இல்லை, கொடுக்காவிட்டால் ஐந்து சதவீதம். நான்கு அளவுகோலில் இது ஒன்றுதான் சிறு விற்பனையாளரைத் தொகையால் அடையாளம் கண்டு ஒதுங்கிப் போகிறது.

உணவு விற்பவர்களுக்கு வரியைவிட லேபிள்தான் பெரிய மாற்றம். வீட்டுச் சமையலறையில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். 2011 ஒழுங்குமுறை 12 லட்சம் வரை விற்கும் சிறு உணவு வணிகருக்குப் பதிவுக் கட்டணத்தை ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தது. இது பாரமில்லை. பொட்டலப் பொருள் விதிகள் 2018 ஜனவரி முதல் இணையப் பக்கத்துக்கும் நீண்டன. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு எண் எல்லாம் வாங்குபவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான விதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்கிறவர் வீட்டிலிருந்தே செய்யும் பெண் என்றால், தொழிற்சாலை முகவரி என்று அச்சாவது அவர் குடியிருக்கும் வீட்டின் கதவு எண். தொடர்பு எண் என்பது அவருடைய சொந்தக் கைப்பேசி. இரவு பதினோரு மணிக்கு ஊறுகாயைப் பற்றி அல்லாமல் வேறு எதையோ பேச அழைப்பவர்கள் இருக்கிறார்கள். மகளிர் குழுவின் பொது முகவரியில் விற்பதும், குழுவுக்கென்று தனி எண் வைத்துக்கொள்வதும் இதற்கு ஓரளவு தீர்வு. தனியாக விற்பவருக்கு அதுவும் இல்லை. காலாவதித் தேதிக்கு முன் குறைந்தது 45 நாளோ ஆயுளில் 30 சதவீதமோ மிச்சம் இருக்கும் பொருளையே கொண்டுசேர்க்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தளங்களிடம் சொன்னது. ஆலைத் தயாரிப்புக்கு இது சாதாரணம். பதினைந்து நாள் தாங்கும் கைமுறுக்குக்கு நாள் கணக்குக் கொஞ்சம் இறுக்கம்.

தளங்கள் தாமாகச் செய்யும் மாற்றம் வேறு கதை. போட்டி முற்றியதும் கமிஷனைக் கைவிட ஆரம்பித்தார்கள். மீஷோ 2021இல் பூஜ்யக் கமிஷன் என்றது. அமேசான் 2025 ஏப்ரல் 7 முதல் 300 ரூபாய்க்குக் குறைந்த பொருள்களுக்குப் பரிந்துரைக் கட்டணம், அதாவது அதன் கமிஷன், இல்லை என்றது. ஃபிளிப்கார்ட் அதே ஆண்டு நவம்பரில் 1,000 ரூபாய்க்குக் கீழ் கமிஷனை எடுத்தது. விளம்பரத்தில் இது பெரிய எழுத்து. சிறு விற்பனையாளரின் காசு போகும் இடம் பெரும்பாலும் அதுவல்ல, திரும்பி வரும் பார்சல். காகிதக் கூழில் செய்த தலையாட்டி பொம்மையை நினைத்துப் பாருங்கள். போகும்போது ஒரு குலுக்கல், வாங்கியவர் “நிறம் படத்தில் இருந்த மாதிரி இல்லை” என்று திருப்பினால் வரும்போது ஒரு குலுக்கல். திரும்பி வந்த பொம்மையின் கழுத்து நின்றால் அதிர்ஷ்டம். கையில் பணம் கொடுத்து வாங்கும் முறையில், கதவைத் தட்டும்போது வேண்டாம் என்று சொல்லிவிடுவதும் சகஜம். அனுப்பும் செலவில் எவ்வளவை யார் ஏற்பது, எத்தனை நாளுக்குள் திருப்பலாம், பணத்தை எத்தனை நாள் கழித்து விடுவிப்பது என்பவற்றைத் தளம் ஒரு மின்னஞ்சலில் மாற்றிவிடும். அது ஆங்கிலத்தில் வரும், அல்லது செயலிக்குள் ஒரு சின்ன அறிவிப்பாக. நூற்றுக்கணக்கில் விற்பவர் அந்த நஷ்டத்தைச் சராசரியில் கரைத்துவிடுவார். பருவத்துக்கு நாற்பது பொம்மை விற்பவருக்கு நாலு திரும்பினால் லாபமே போச்சு.

ஆகவே என்ன நடக்கிறது? வாட்ஸாப் குழு, இன்ஸ்டாகிராம் படம், யுபிஐ, பக்கத்து கொரியர் என்று வியாபாரம் சந்தைத் தளத்துக்கு வெளியே நகர்கிறது. சட்டத்தை ஏமாற்ற அல்ல, அங்கே கேட்கும் படிவம் இங்கே இல்லை என்பதால். வரி பிடித்தமும் கிடையாது, திருப்பி அனுப்பும் தொல்லையும் குறைவு, தெரிந்தவர் மூலம் தெரிந்தவர். ஆனால் அறிமுகமில்லாத வாடிக்கையாளர் வருவதும் குறைவு, ஏமாற்றுக்காரர் வந்தால் கேட்க நாதியும் இல்லை. 2025 ஜூலையில் இன்னொரு பயம் சேர்ந்தது. கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவைக் கணக்குப் பார்த்துப் பெங்களூர்ச் சிறுகடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கடைகளில் க்யூஆர் அட்டைகளைக் கழற்றினார்கள், போராட்டம் என்றார்கள், அரசு இறங்கிவந்தது. அந்தச் செய்தி இங்கே வந்து சேரும்போது “யுபிஐயில் வாங்கினாலே வரி” என்று திரிந்துவிட்டது. அப்படியில்லை. மாநிலத்துக்குள் நேரடியாகப் பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான். மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணம், சீட்டு எடுத்த பணம், விளக்கு விற்ற பணம் எல்லாம் ஒரே கணக்கில் விழும்போது, எது விற்பனை என்று பின்னால் பிரித்துக்காட்டுவது கடினம். விற்பனைக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்துக்கொள்வது இதற்குப் போதும்.

கடல் தாண்டி அனுப்பியவர்களுக்கும் 2025 கெட்ட ஆண்டு. 800 டாலர் வரை சுங்கவரி இல்லாமல் வந்த பார்சல் சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. அதை ஒட்டி இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அங்கே பெரும்பாலான பார்சல்களை ஏற்கவில்லை. அக்டோபர் 15 முதல் மறுபடி ஏற்றது, சுங்கத்தை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் ஏற்பாட்டோடு. அந்த ஆண்டு நவராத்திரி செப்டம்பர் 22 அன்று தொடங்கியது.

மாற்றங்கள் இன்னும் நிற்கவில்லை. 2025 நவம்பர் முதல் மாத வரி இரண்டரை லட்சத்தைத் தாண்டாத சிறு விண்ணப்பதாரருக்கு மூன்று வேலைநாளில் பதிவு தரும் எளிய வழி வந்திருக்கிறது. அதற்கு முன் செப்டம்பரில் 56ஆவது கவுன்சில், பல மாநிலங்களில் தளம் வழியாக விற்கும் சிறு விற்பனையாளருக்கு எளிய பதிவு முறை வேண்டும் என்று கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. அங்கே பேசப்பட்ட சிக்கல் ஒவ்வொரு மாநிலத்திலும் தொழிலிட முகவரி காட்டுவது. அது பல ஊர்க் கிடங்குகளில் சரக்கு வைப்பவரின் சிக்கல். தஞ்சாவூரிலிருந்தே ஒவ்வொன்றாகக் கட்டி அனுப்புகிறவருக்கு அந்த ஏற்பாடு தேவைப்படாது. அவருக்கு வேண்டியது, 2018 கைவினை அறிவிக்கையின் 20 லட்ச விலக்கைச் சந்தைத் தளத்துக்கும் நீட்டுவது. தேவையானவை எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன: பான் உண்டு, சேர்க்கை எண் உண்டு, இ-வே பில் உண்டு, யார் எவ்வளவு விற்றார் என்று தளம் மாதாமாதம் அரசுக்குத் தரும் அறிக்கையும் உண்டு. பொருள் போய்ச்சேரும் மாநிலத்தின் வரிப் பங்கு என்னவாகும் என்று கேட்கலாம். நேரடியாக அனுப்பும்போது இந்த விற்பனைக்கு வரியே இல்லை என்பதை எல்லா மாநிலமும் சேர்ந்துதான் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கின்றன.